எட்டால் வகுத்தது

பொழி திறந்த மூன்றாம் நாள்
மணக்குடிக் காயலில் வத்தம்.
முட்டளவு சேறு. செருப்பு நேற்றே போயிற்று.
ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்
பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தைக்
கண்டல் வேர்களுக்கு நடுவே வீசுகிறேன்.
எங்கே விழுகிறதோ அதுவே இன்றைய உலகம்.

உள்ளே பதினேழு ஊரி.
குழாயைத் தொட்டுக்கொண்டு இன்னொன்று,
பாதி உள்ளே, பாதி வெளியே.
"மேடம், இது சேருமா?" என்கிறான் அபிலேஷ்.
மேல்கோட்டையும் இடக்கோட்டையும் தொட்டால் சேர்,
மற்ற இரண்டைத் தொட்டால் தள்ளு
என்று ஒரு விதி உண்டு.
நான் விதியைச் சொல்லி முடிப்பதற்குள்
ஊரி கோடு மாறிவிட்டது.

பதினேழைப் பரப்பளவால் பெருக்கலாம்தான்.
ஆனால் அடுத்த வீச்சில் ஒன்றுமில்லை,
அதற்கடுத்ததிலும் இல்லை,
பிறகு ஒரே வேரடியில் நூற்றுச் சொச்சம்,
ரேஷன் கடை திறந்த காலை மாதிரி.

ஆகவே சாயம்.
வடசேரியில் பேரம் பேசி வாங்கிய நகப்பூச்சு,
ஐந்து குப்பி, குங்குமச் சிவப்பு.
சுரண்டி, துடைத்து, ஊதி உலர்த்தி
ஒவ்வொரு முதுகிலும் ஒரு புள்ளி.
இருநூற்று நாற்பது.
எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டோம்.
மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு
சற்று நேரம் கல்லாக நடித்தன.

பன்னிரண்டு நாள்.
கூட்டத்தோடு கலந்திருக்கும் என்று நம்ப
அவ்வளவு போதும்.
திரும்பப் போய்க் கைக்குக் கிடைத்ததைப் பொறுக்கினோம்:
முந்நூறு.
அதில் புள்ளியோடு எட்டு.

இருநூற்று நாற்பதை முந்நூறால் பெருக்கி
எட்டால் வகுத்தால்
ஒன்பதாயிரம்.
பாலத்தின் மேல் நின்று துறைத்தலைவருக்குப் போன் செய்தேன்.
"கொள்ளாமே" என்றார்.
வளமான சதுப்பு என்று ஒரு வரியை
அங்கேயே, கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து
எழுதியும் விட்டேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்கப் போன வீட்டில்
ஜெனோபா ஊரி வேவித்துக்கொண்டிருந்தாள்.
மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள.
சேலைக் குத்தூசியால் ஒரு சுழற்று, ஒரு இழு.
சதை கிண்ணத்தில், தோடு வாசலில்.
வாசலில் குவியல்.
குவியலில் சிவப்பு.

"சேறும் ஊரியும் ஒரே நெறம்லா,
தடவித் தடவித்தான் எடுக்கணும்.
இப்பம் ஒரு வாரமாட்டு
செவப்பா ஒரு பொட்டு தெரியுது, குனிஞ்சா போதும்.
யாரு வச்சாவளோ, நல்லா இருக்கட்டு."

குந்தி உட்கார்ந்து எண்ணினேன்.
நூற்று ஐம்பத்திரண்டு.

அவள் தின்னத் தின்ன
என் காகிதத்தில் ஊரி பெருகியிருக்கிறது.
அந்த எட்டில் ஏழு அவள் கண்ணில் பட்டிருந்தால்
எழுபத்திரண்டாயிரம் என்று எழுதியிருப்பேன்.
எட்டுமே பட்டிருந்தால்
வகுக்க எதுவும் இருந்திருக்காது;
காயலில் எண்ணிக்கைக்கு அடங்காத ஊரி.

எண்பத்தெட்டுதான் மிச்சம் என்று வைத்து
மறுபடி வகுத்தேன்.
மூவாயிரத்து முந்நூறு.
இதையும் நம்பப் பயமாக இருந்தது.
கீழ மணக்குடியில் எத்தனை வாசல்,
எத்தனை குவியல்,
நான் ஒரு வீட்டில்தானே தண்ணீர் கேட்டேன்.

"இந்தச் சேத்துல எவ்வளவு ஊரி கிடக்கும்?"
என்று அவளிடமே கேட்டேன்.
அடுப்பைத் தள்ளிவிட்டு யோசித்தாள்.
"வியாழக்கிழமைக்கு உண்டு" என்றாள்.

பிறகு குத்தூசியை என்னிடம் நீட்டினாள்.
மிளகு, தேங்காய், கடிக்கும்போது கொஞ்சம் ரப்பர்.
அபிலேஷ் தொடவில்லை,
நகப்பூச்சு வாசம் அடிக்கிறதாம்.
குறிப்பேட்டில் 'இழப்பு' என்ற கட்டத்தில்
அவள் பெயருக்குக் கீழே
என் பெயர்:
பதினொன்று.